கொளமும் கோலமும்: சொற்கள் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து, ஒலி ஒத்திருக்கும் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (படிவம் நான்கு மாணவி): மலாயில் 'கோலம்' என்றால் குளம் என்று பொருள். நாம் வாசலில் போடும் கோலத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா, ஐயா?

பதில்: இல்லை, மகளே. அந்த மலாய்ச் சொல் நம் 'குளம்' என்பதிலிருந்து சென்றது. அடுத்த எழுத்தில் அகரம் வந்தால் முதலில் நிற்கும் உகரம் பேச்சில் ஒகரமாகத் திரியும். உலகம் ஒலகமாகவும் குடம் கொடமாகவும் உன் பாட்டியின் வாயில் வருவதைக் கேட்டிருப்பாய். குளமும் அவ்வாறே கொளமாகும். மலாய் மொழியில் ளகரமும் இல்லை, குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதும் இல்லை. அதனால்தான் கொளம் அங்கே போய் நம் காதுக்குக் கோலமாகத் திரும்புகிறது. ஏட்டிலிருந்து எடுத்த சொல்லன்று, காதால் வாங்கிய சொல் என்பதற்கு இந்த ஒகரமே சான்று என்பது என் கருத்து. கப்பல், கடை, பெட்டி, மீசை ஆகியவையும் மலாயில் காப்பல், கெடாய், பெத்தி, மிசாய் என்று வழங்குகின்றன. நம் முன்னோர் இங்கே ரப்பர் மரத்தில் பால்வெட்ட வந்ததற்கு வெகு காலம் முன்பே தமிழ் வணிகர்கள் இக்கடலில் வந்து போயினர். சுமத்ராவின் பாருஸ் அருகே கிடைத்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

கேள்வி (தோட்டக் கிராணி): ஒன்று என்பதிலிருந்து 'ஒன்', எட்டு என்பதிலிருந்து 'எய்ட்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் பிறந்தன என்று மேடையில் ஒருவர் பேசினார். உண்மையா?

பதில்: உண்மையன்று, தம்பி. உறவுச் சொற்கள் என்றால், காலத்தில் பின்னோக்கிப் போகப் போக அவை நெருங்க வேண்டும், இவையோ விலகுகின்றன. ஆங்கில 'ஒன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்', லத்தீனில் 'ஊனுஸ்'. 'எய்ட்' ஜெர்மன் மொழியில் 'அக்ட்', லத்தீனில் 'ஒக்டோ'. நடுவில் ககர ஒலி இருந்து தேய்ந்தது. நம் எட்டின் வேரோ எண் என்பதாகும். எண்பதிலும் எண்ணூற்றிலும் அந்த ணகரம் இன்றும் நிற்கிறது. ஒன்றுக்கு உறவு வேண்டுமானால் கன்னடத்து 'ஒந்து'வைப் பாருங்கள். பொய்யான உறவை மேடையில் கைதட்டலுக்காகச் சொல்வது மொழிக்குச் செய்யும் தொண்டு ஆகாது. 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போனதை நாம் ஐயமின்றிச் சொல்லலாமே.

கேள்வி (முன்பு பால்வெட்டிய அம்மா ஒருவர்): ஆங்கிலத்தில் 'கட்டாபெர்ச்சா' என்கிறார்களே, அதிலுள்ள 'கட்டா' லத்தீன் சொல்லா, மலாய்ச் சொல்லா?

பதில்: மலாய்தான், அம்மா. மரத்தின் பாலையும் பிசினையும் குறிக்கும் 'கெத்தா' என்ற சொல்லே அது. லத்தீனில் 'குட்டா' என்றால் துளி. பால் சொட்டுவதோடு பொருந்துவதால் மயக்கம் எழுகிறது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையாக இருந்தது இந்தப் பிசின். அதைத் தருவது இப்பகுதிக் காட்டு மரம்; நீங்கள் வெட்டிய ரப்பர் மரத்தின் தாயகமோ பிரேசில்.

கேள்வி (அதே அம்மா): நாங்கள் குடியிருந்த 'லயம்' இசையில் வரும் லயமா?

பதில்: அன்று. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லை நம்மவர்கள் லயம் ஆக்கிக்கொண்டார்கள். இசையில் வரும் லயம் வடசொல்.