ரோமியோ ஜூலியட் நாடகத்தில் காதலர்களைக் கொன்றது விதியா, அவர்களே எடுத்த முடிவுகளா?

மனிதர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நடந்தே தீரும் என்று கருதப்படுவது விதி. வேறு வழி இருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுயவிருப்பம். மழையில் சாலை வழுக்குவது ஓட்டுநரின் கையில் இல்லை, வண்டியின் வேகம் அவர் கையில்தான் இருக்கிறது என்பதைப் போன்றது இது.

ஷேக்ஸ்பியர் இரண்டையும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கிறார். ஜூலியட் இறந்ததுபோல் மயங்கிக் கிடப்பாள் என்பதை விளக்கும் கடிதம், அதை எடுத்துச் சென்ற துறவி கொள்ளைநோய் அச்சத்தால் ஒரு வீட்டில் அடைக்கப்பட்டதால், மாண்டுவாவில் இருந்த ரோமியோவைச் சேரவில்லை. இது அவன் கைமீறியது. ஆனால், நண்பன் மெர்குஷியோவைக் கொன்ற, ஜூலியட்டின் உறவினனான டிபால்ட்டைக் குத்திக் கொன்றுவிட்டு, 'விதியின் கைப்பொம்மை ஆனேனே' என்ற பொருளில் அவன் புலம்பும்போது, வாளை உருவியது அவன் கைதான் என்பதை நாம் மறப்பதற்கில்லை. பாரிஸ் என்பவனுடன் ஜூலியட்டுக்கு நிச்சயித்த திருமணத்தை ஒரு நாள் முன்னதாக நடத்த அவசரப்பட்ட அவள் தந்தை கேபுலட்டுக்கும் இதில் பங்குண்டு. விமர்சகர்கள் அவரை எளிதில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

காதலர் மரணத்தை முன்னுரைப் பாடலே அறிவித்துவிடுவதால் அவர்களுக்குத் தெரிவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அறிவிப்பைக் கேட்பவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே, ரோமியோவும் ஜூலியட்டும் அல்லர்.