அதே வொண்டர்லாவுக்கு மறுபடியும் போகலாமா?

கேள்வி: மூன்று வருடமாக மே விடுமுறைக்குப் பெங்களூரு வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குத்தான் போகிறோம். பத்து வயதுப் பையனும் ஏழு வயதுப் பெண்ணும் இந்த முறையும் அங்கேதான் என்று அடம்பிடிக்கிறார்கள். "பார்த்த இடத்தையே பார்க்க எதற்கு இவ்வளவு செலவு?" என்கிறார் கணவர். முட்டி வலி உள்ள மாமியாரும் கூட வருவார். காரில்தான் பயணம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் மே மாதத்தில் வேண்டாம்.

நமக்கு ஓர் இடத்தைப் பார்த்தால் பார்த்ததுதான். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. போன வருடம் பயந்து வரிசையிலிருந்து விலகி வந்த ரைடில் இந்த வருடம் ஏறிப் பார்க்க வேண்டும். உயரம் பத்தாது என்று திருப்பி அனுப்பிய இடத்தில் இந்த முறை நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்த ஆசை வீண் அடம் அல்ல. அதற்காகவே இன்னொரு முறை கூட்டிப் போகலாம்.

உயரத்தை மட்டும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. உயரம் வேண்டும். டிக்கெட்டில் சிறுவர் கட்டணமும் உயரத்தை வைத்துத்தான், வயதை வைத்து அல்ல. பையனைச் செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு நோட்டைப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள். 138தான் வருகிறது என்றால் கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். ரைடு வாசலில் போய்த் தெரிந்துகொண்டால் அன்றைய நாளே கெட்டுவிடும், பாவம்.

இனி மாதம். ஏப்ரல், மே இரண்டிலும் கர்நாடகப் பள்ளிகளுக்கும் விடுமுறை. அதனால் கூட்டம் நெரியும். மதியத்துக்கு மேல் இடிமழை வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். கர்நாடகத்தில் அரசுப் பள்ளிகள் மே கடைசியிலேயே திறந்துவிடும். இங்கே வெயிலைப் பொறுத்துப் பள்ளி திறப்பு சில வருடம் தள்ளிப்போகும். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஜூன் இரண்டாவது வாரத்தில்தான் திறந்தார்கள். இந்த முறையும் அப்படி இடைவெளி கிடைத்தால் அதில் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையைப் பிடியுங்கள். வரிசையில் நிற்கும் நேரம் நன்றாகக் குறையும், வார நாள் டிக்கெட்டும் மலிவு. காலாண்டு விடுமுறை நல்ல யோசனைபோலத் தோன்றும். ஆனால் அங்கே அது தசரா சமயம், வேண்டாம்.

நம் பக்கத்தில் பலரும் பேரணாம்பட்டு, வி.கோட்டா, கே.ஜி.எஃப். வழியாகவே பெங்களூரு போவார்கள். கிழக்குப் பக்கம் போகிறவர்களுக்கு அது சரி. வொண்டர்லா இருப்பது மைசூரு சாலையில் பிடதி அருகே. கிழக்கிலிருந்து நுழைந்தால் ஊர் முழுவதையும் தாண்ட வேண்டும். நீங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போய், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோட்டில் ஏறிவிடுங்கள். சுங்கக் கட்டணம் உண்டு, ஆனால் ஊருக்குள் மாட்டாமல் நேரே மைசூரு சாலைக்குப் போய்விடலாம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் நிதானமாகப் போய்ச் சேரலாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காலை டிபனை வழியிலேயே வயிறார முடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ரைடுகளுக்குப் பருத்தித் துணி ஆகாது, நைலான் போன்ற துணிதான் வேண்டும். ஆளுக்கு ஒரு செட் ஊரிலேயே வாங்கிவிட்டால் அடுத்த வருடத்துக்கும் ஆகும். பிள்ளைகள் மட்டும் வளர்ந்துவிடுவார்கள், அவர்களுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

உள்ளே போனதும் வழக்கமாகச் சுற்றும் வரிசையை விட்டுவிடுங்கள். இடம் தெரிந்தவர்கள் என்பதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. வாசல் பக்கத்து ரைடுகளில் எல்லோரும் நிற்கும்போது, நீங்கள் நேரே பையனுக்குப் பிடித்த பெரிய ரைடுக்கு நடங்கள். தண்ணீர்ப் பக்கம் மதியத்துக்கு. எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும் என்ற கணக்கு முதல் தடவையோடு முடிந்துவிட்டது. பிடித்ததில் மூன்று முறை ஏறட்டும். முடிந்தால் சித்தி பிள்ளையோ மாமா பிள்ளையோ ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். வழிகாட்டும் பொறுப்பு பையனுக்கு வந்துவிட்டால் அவனுக்கு அது புது இடம்தான்.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் சென்னை வொண்டர்லா திறந்திருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போகலாம். அடுத்த வருடத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மாமியாரை மட்டும் முதலில் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் முன்னால் கேட்டால் வரவில்லை என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார். நாள் முழுக்க நடக்க வேண்டிய இடம் அது. வருகிறேன் என்றால் வயதுச் சான்றுக்கு ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், மூத்தோருக்குக் கட்டணச் சலுகை உண்டு. பிடதி பக்கத்தில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புவதை அவர் முட்டி தாங்காது.