பொன்னாடைக்குப் பிறகு மிஞ்சிய இருபது நிமிடம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர். வயது 64. என்னைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து, எங்கள் சனசமூக நிலையத்தில் ‘வாழ்நாள் கற்றல்’ என்ற பெயரில் மாதம் ஒரு ஞாயிறு மாலை விரிவுரை நடத்தி வருகிறோம். முதல் மாதம் 52 பேர் வந்தார்கள். ஐந்தாம் மாதம் 11 பேர்; அதில் நாங்களே நான்கு பேர். வெளியூர்ப் பேராசிரியர்களை அழைக்க வான் கூலியும் தங்குமிடச் செலவும் கட்டுபடியாகவில்லை. வருகிறவர்களும் பாதியில் தூங்கிவிடுகிறார்கள். “யூரியூப்பில் எல்லாம் இருக்கே அப்பா, ஏன் இந்த அலைச்சல்?” என்கிறான் மகன். நிறுத்திவிடலாமா? கடந்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஐயா, கடிதத்தை விட நீங்கள் இணைத்த அந்தத் தாளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை போர்த்தல், வாழ்த்துரை இரண்டு. ஒன்பதாவதாக விரிவுரை. அதற்குப் பிறகும் ஒரு நன்றியுரை.

நாலு மணி என்று போட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் அது நாலரை. விளக்கேற்ற வேண்டுமானால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கச்சான் காற்றுக் காலத்துப் புழுக்கத்தில் சனம் நிகழ்ச்சி நிரலையே விசிறியாக்கிக்கொள்ளும். முதல் திரி பற்றி, ஐந்தாவது திரிக்குப் பிரதம விருந்தினரைத் தேடி, அவர் வாசலில் போனில் பேசி முடித்து வரும்வரை எல்லாரும் எழும்பி நிற்க வேண்டும். அறிமுகம் செய்பவர் பேச்சாளரின் பட்டங்களை ஒன்று விடாமல் வாசிப்பார். விரிவுரை தொடங்கும்போது மணி ஐந்தே கால். அந்த நேரத்தில் தூங்காதவர்தான் அதிசயம்.

பகிடி பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் நாங்கள் நடத்திய ஒரு கூட்டத்தில் கடலாமைகளைப் பற்றிப் பேச வந்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது 20 நிமிடம். அவர் முடித்ததும் பின்வரிசையில் இருந்து கரைவலைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். நேரமில்லை என்று சொல்லி, மைக்கை வாங்கி நன்றியுரைக்குக் கொடுத்தது நான்தான். வெளியே பிளேன்ரீ குடிக்கும்போது அவர் என்ன கேட்க நினைத்தார் என்று தெரிய வந்தது. கரையில் பெரிய லைட்டுகள் போட்ட பிறகு முட்டையிட வரும் ஆமைகள் குறைந்தது போல் தெரிகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று. பேச்சாளர் அன்று சொன்ன எதையும் விட எனக்கு இன்று நினைவிருப்பது அந்தக் கேள்விதான். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்துக்கு வரவில்லை.

உங்கள் மகன் சொல்வது பாதி சரி. ஒருவர் பேச, மற்றவர்கள் வாய் மூடிக் கேட்பதுதான் விரிவுரை என்றால் யூரியூப் மேல். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், கதிரையும் மெத்தையாக இருக்கும். அந்தக் கரைவலைக்காரர் கை தூக்குவதற்கு மட்டும் அங்கே வழியில்லை. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1860களின் கடைசியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர் இங்கிலாந்தின் வட பகுதி நகரங்களுக்குப் போய் விஞ்ஞான விரிவுரைகள் செய்துவந்தார். ரொச்டேல் என்ற நெசவாலை நகரில், தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் ஒருநாள் பேசி முடித்ததும் அவருக்கு அவசரம். சுவரில் தொங்கிய விளக்கப் படங்களைக் கழற்ற நேரமில்லை. அடுத்த கிழமை வரும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தால், சங்கத்து ஆட்கள் அந்தப் படங்களுக்கு முன் கூடி விவாதித்து, கேட்பதற்கென்று ஒரு கட்டுக் கேள்விகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அப்புறம் அவர் கேள்விகளுக்கென்றே விரிவுரைக்கு முன்னால் ஒரு வகுப்பு வைக்கத் தொடங்கினார். 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே இந்த வெளியூர் விரிவுரைகளைப் பொறுப்பெடுத்தது.

ஐயா, உங்களிடமும் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் நிலையத்துக்குத் தினமும் காலையில் பேப்பர் பார்க்க ஆட்கள் வருவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ஏன் அவர்களைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள்?

அடுத்த மாத விரிவுரையை விட்டுவிடுங்கள். பேப்பர் மேசைக்கு மேலே, சுவரில், திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் காட்டும் கடல் வரைபடம் ஒன்றை ஒட்டுங்கள். பக்கத்தில் 80 பக்கக் கொப்பி ஒன்றையும் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா களவு போகும், போகட்டும், இன்னொன்று கட்டுங்கள். மூன்று கிழமை பொறுத்திருங்கள். கடலுக்கு அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு நம் துறைமுக வாசலுக்குக் கிட்டவே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குவது அந்தப் படத்தில் தெரியும். பார்த்தவர் சும்மா போகமாட்டார். திமிங்கிலம் ஏன் இங்கே கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது என்று ஒருவர் எழுதுவார். ஆறு கொண்டுவரும் மண் ஏன் துறைமுகத்தை நிரப்பவில்லை என்று இன்னொருவர். படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், பஸ் நிலையத்து மான் ஏன் கடதாசி தின்கிறது என்றும் யாராவது எழுதுவார். அதையும் அழிக்காதீர்கள், அது தனியாக ஒரு மாதத்துக்கு வேண்டிய சரக்கு. கொப்பி நிறைந்த பிறகு பதில் சொல்லக்கூடியவரைத் தேடுங்கள். அவர் வரும்போது தன் பேச்சோடு வரக்கூடாது, உங்கள் கொப்பியை முன்கூட்டியே வாசித்துவிட்டு வர வேண்டும். அரை மணி பேச்சு, முக்கால் மணி கேள்வி. வரவேற்புரை இரண்டு வசனம்.

பேராசிரியர்தான் வேண்டும் என்றால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, ஓட்டோ தூரம். ஆனால் எல்லாவற்றுக்கும் பேராசிரியர் எதற்கு? துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கொண்டுவந்து கட்டியவர்கள் ஓய்வுபெற்று உங்கள் ஒழுங்கைகளிலேயே இருப்பார்கள். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு மண் அணை எப்படி உடைகிறது, கசிவை முதலில் எங்கே கவனிக்க வேண்டும் என்பதை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்த ஒரு தொழினுட்ப உத்தியோகத்தர் கரும்பலகையில் நாலு கோடு போட்டுக் காட்டிவிடுவார். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதைப் பற்றி டொக்யார்டில் வேலை செய்த தகப்பனிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் வைக்காதீர்கள். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஓய்வுபெற்றவர்களுக்காகத் தொடங்கிய ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ சில வருடங்களில் இங்கிலாந்துக்குப் போனபோது, அங்கே பேராசிரியர்களையே விட்டுவிட்டு, அங்கத்தவர்களே ஒருவருக்கொருவர் படிப்பித்துக்கொண்டார்கள்.

இவர்களில் பலருக்கு மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிவிடும் என்பது உண்மை. அதற்கு நம் கோயில்களிலேயே வழி இருக்கிறது. புராணபடனத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார். அப்படி இரண்டு கதிரை போடுங்கள். ஒன்றில் அந்த வேலை தெரிந்தவர், மற்றதில் கேட்டு விளங்கிச் சொல்லத் தெரிந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். “அண்ணை, இந்த இடத்தில என்ன செய்வியள்?” என்று அவர் கேட்கக் கேட்க, மற்றவர் தன்பாட்டில் பேசுவார்.

வருடத்தில் ஒருமுறை மண்டபத்தைப் பூட்டிவிட்டு வெளியே போங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு பள்ளிக்கூட வெப்பமானியோடு போய், ஏழு கிணற்றிலும் முதலில் விரலை வைத்து எது சூடு கூட என்று ஆளுக்கொரு விடை சொல்லவைத்து, பிறகு அளந்து பாருங்கள். அந்தியேட்டிக்குப் போய்க் குளித்த இடத்தில் இப்படி நின்றவர்கள் குறைவு. இந்தக் கிணறுகளை இராவணன் உண்டாக்கினான் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். இந்த நாட்டில் எரிமலை ஒன்றும் இல்லையே, பிறகு எப்படிச் சூடு என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறித் திரும்பி வருகிறது. பூமிக்குள் போகப்போக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை கூடும்.

இன்னொரு விஷயம். அந்த 11 பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஞாயிறு மாலை கூட்டம் இருட்டித்தான் முடியும். நிலாவெளிப் பக்கத்தில் இருந்து வரும் ஒருவருக்குத் திரும்ப பஸ் வேண்டும். போயா நாள் காலை ஒன்பதரைக்கு வைத்துப் பாருங்கள். கிண்ணியா, மூதூர் ஆட்களையும் அழைப்பதென்றால் நோன்பு மாதத்தை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். மாரி மழை மாதங்களில் கூட்டமே வேண்டாம், கொப்பி மட்டும் தொங்கட்டும்.

ஊர்ச் சரித்திரம் வந்தால் குரல் உயரும். யார் எதைச் சொன்னாலும் “எந்த ஆவணத்தில், எந்த வருடம்?” என்று தலைவர் கேட்கட்டும். தெரியாதென்றால் அதுவும் கொப்பிக்குப் போகும்.

விளக்கேற்றாமல் தொடங்கக்கூடாது என்று உங்கள் நான்கு பேரில் ஒருவராவது நிற்பார். சரி, ஏற்றுங்கள். ஆட்கள் வருவதற்கு முன்னால் ஏற்றி, காற்றுப் படாத மூலையில் வைத்துவிட்டு, விசிறியைப் போட்டுவிடுங்கள்.