அப்பாவுக்குக் குடல் புற்றுநோய். நான் ஆஸ்பிரின் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. கடலூர் முதுநகரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அப்பா 47 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அப்பாவின் தங்கைக்கும் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்தார்கள். வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வராது, ஆஸ்பிரினை வைத்து ஒரு விஞ்ஞானி நிரூபித்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. முழங்கால் வலிக்கு அடிக்கடி டைக்ளோஃபினாக் போடுகிறேன். அதுவே போதுமா, ஆஸ்பிரினும் சேர்க்க வேண்டுமா? 74 வயது அம்மாவுக்கும் கொடுக்கலாமா?

பதில்: அம்மா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்து நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான இரத்தக்கசிவு கூடியது. புற்றுநோய் இறப்பு குறையவில்லை, சற்று அதிகமாகவே இருந்தது. (இதய மருத்துவர் ஏற்கெனவே ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு. அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.)

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. அதில் சொல்லப்படுபவர் பெரும்பாலும் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக மரபியல் பேராசிரியர் ஜான் பர்னாக இருக்க வேண்டும். அவருடைய குழு 861 பேரை எடுத்துக்கொண்டு ஒரு பாதிக்குத் தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் சில ஆண்டுகள் கொடுத்தது. பிறகு நீண்ட காலம் அவர்களைக் கண்காணித்து 2020-இல் முடிவை வெளியிட்டது. ஆஸ்பிரின் சாப்பிட்ட 427 பேரில் 40 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 434 பேரில் 58 பேருக்கு. “வராது” என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். பலன் தெரியவே பல ஆண்டுகள் பிடித்தன.

செய்தியை அனுப்பியவர்கள் விட்டுவிட்ட ஒன்று உண்டு. அந்த 861 பேரும் லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவர்கள். செல்லில் மரபணு நகலாகும்போது விழும் எழுத்துப்பிழையைத் திருத்தும் மரபணுவே அவர்களுக்குப் பழுது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதில் அதிகம் வருபவை பெருங்குடல் புற்றுநோயும் கர்ப்பப்பைப் புற்றுநோயும். அதுவும் சின்ன வயதிலேயே.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஆஸ்பிரின் பற்றியது அல்ல, அத்தையைப் பற்றியது. அண்ணனுக்கு 47 வயதில் குடல், தங்கைக்குக் கர்ப்பப்பை. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் விடக்கூடிய சேர்க்கை இல்லை.

எனவே பீரோவில் இருக்கும் அப்பாவின் பழைய ஃபைலைத் தேடுங்கள். ஸ்கேன் படங்களை விட, கட்டியின் திசுவை எடுத்துச் சோதித்த பயாப்ஸி அறிக்கை முக்கியம். அத்தை நலமாக இருந்தால் மரபணுப் பரிசோதனையை அவரிடம் தொடங்குவதே சரி. நோய் வந்தவரிடம் பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களிடம் தேடுவது எளிது. இரண்டு அறிக்கைகளோடு கோரிமேடு ஜிப்மரிலோ வேறு பெரிய மருத்துவமனையிலோ குடல்நோய்ப் பிரிவில் காட்டுங்கள். அப்பாவின் வயதை வைத்துப் பார்த்தால், மரபணு முடிவு எப்படி வந்தாலும் உங்களுக்குக் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, தேவை. பாலிப் எனப்படும் சிறு கட்டி தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். அந்த வேலையை எந்த மாத்திரையும் செய்யாது. சோதனையை விட முதல் நாள் குடிக்கும் பேதி மருந்துதான் படுத்தும். அன்று மாலை கடையைச் சீக்கிரம் மூடிவிடுங்கள்.

டைக்ளோஃபினாக் ஆஸ்பிரினுக்கு மாற்று இல்லை. அந்த ஆய்வில் கொடுத்தது ஆஸ்பிரினைத்தான். உடலில் வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். டைக்ளோஃபினாக்கும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் ஆபத்து கூடும். இதே குடும்பத்தின் ரோஃபிகாக்சிப் என்ற வலி மாத்திரை குடல் பாலிப்பைத் தடுக்குமா என்று பார்க்க நடந்த ஆய்வில்தான் அது மாரடைப்பை அதிகரிப்பது உறுதியானது; 2004-இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். நீண்ட நாள் சாப்பிட்டால் டைக்ளோஃபினாக்கும் இதயத்துக்கு நல்லதில்லை. முழங்காலுக்கு அதையே ஜெல்லாகத் தடவிப் பாருங்கள். மலம் தார் போலக் கருத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருக்கும், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

லிஞ்ச் உறுதியானால், வயிற்றுப்புண், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து ஆஸ்பிரின் வேண்டுமா, எந்த அளவில் என்று மருத்துவரே முடிவு செய்வார். உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அந்த ஃபைலின் நகலை அவர்களுக்கும் அனுப்புங்கள்.