யூ-பூட் பிராம்ப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

வண்ணார்பேட்டையில் போர்டு ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வரும் கேள்விகளில் பாதி, போர்டில் லினக்ஸை ஏற்றிவிடும் யூ-பூட் என்ற சிறு நிரல், அதற்கு முன்னால் காட்டும் கட்டளை வரியை (பிராம்ப்ட்) பற்றித்தான். இந்தத் தடவை ஐந்து.

அண்ணாச்சி, பீகிள்போன் பிளாக் போர்டை மினிகாமில் (சீரியல் கேபிள் வழியாகப் போர்டோடு பேசும் நிரல்) பார்க்கிறேன். எழுத்தெல்லாம் ஓடுகிறது, ஆனால் எதைத் தட்டினாலும், தானாக பூட் ஆவதற்கு முன் ஓடும் கவுன்ட்டவுன் நிற்கவில்லை. போர்டு போச்சா? (மாணவர், பாளையங்கோட்டை)

போகவில்லை தம்பி. மினிகாமில் கன்ட்ரோல்-ஏ, அப்புறம் ஓ தட்டுங்கள். சீரியல் போர்ட் செட்டப்பில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் 'எஸ்' என்று இருக்கும், 'நோ' ஆக்குங்கள். மூன்றே கம்பி போட்ட இணைப்பில் அது 'எஸ்' என்றிருந்தால் போர்டு பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அதற்குப் போகாது. அப்படியும் மசியாவிட்டால், கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி) போர்டின் ஆர்எக்ஸில்தான் (பெறும் முனை) செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சில இமேஜில் ஸ்பேஸ் பார் மட்டும்தான் செல்லும். அதைத் திரையிலேயே எழுதியிருப்பான், யாரும் படிப்பதில்லை.

செட்என்வ் கொடுத்து பூட்ஆர்க்ஸை (லினக்ஸ் கர்னலுக்குப் போகும் அமைப்புகள்) மாற்றினேன். ரீசெட் செய்தால் பழையபடி நிற்கிறது. (சங்கரன்கோவில்)

செட்என்வ் மாற்றுவது ரேமில் இருக்கும் பிரதியை மட்டும். சேவ்என்வ் கொடுத்தால்தான் ஃபிளாஷிலோ எஸ்டி கார்டிலோ எழுதும். இதைக் குறை என்று நினைக்காதீர்கள், பெரிய வசதி அது. என்ன தப்பு செய்தாலும் ரீசெட் தட்டினால் போச்சு. அதனால் மாற்றியதும் 'பூட்' கொடுத்து லினக்ஸ் ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், மறுபடி பிராம்ப்ட்டுக்கு வந்து அதையே இன்னொரு தடவை அடித்து, அப்புறம் சேவ்என்வ்.

நான் பட்ட பாடு ஒன்று. தானாக பூட் ஆகும்போது ஓடும் கட்டளைகள் இருக்கும் பூட்சிஎம்டி மாறியில் இரண்டு கட்டளை வைக்க நினைத்தேன்: கர்னலை ஏற்று, அரைப்புள்ளி, அதை ஓடவிடும் பூட்இசட். மேற்கோள் குறி போடவில்லை. அரைப்புள்ளிக்கு முன்னால் உள்ளது மட்டும் பூட்சிஎம்டியில் போய் உட்கார்ந்தது. பின்னால் உள்ளது அந்த நொடியே ஓடியது. அதில் லினக்ஸ் ஏறிவிட்டதால், வேலை முடிந்தது என்று காபி குடிக்கப் போய்விட்டேன். முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். இரட்டை போட்டால் டாலர் குறியோடு வரும் மாறிகளுக்கு அப்போதைய மதிப்பே பதிந்துவிடும்.

காற்றாலையில் இருக்கும் டேட்டா பெட்டி, கரன்ட் போய் வந்தபின் 'பேட் சிஆர்சி, யூஸிங் டீஃபால்ட் என்விரான்மென்ட்' என்கிறது. (பராமரிப்பு ஊழியர், கயத்தாறு)

என்விரான்மென்ட்டை, அதாவது செட்என்வ் மாற்றும் மாறிகளின் தொகுப்பை, எழுதும்போது கூடவே சரிபார்க்க ஒரு செக்சம் கணக்கும் (சிஆர்சி) எழுதப்படும். படிக்கும்போது அந்தக் கணக்கு உதைத்தால், யூ-பூட் அதை ஒதுக்கிவிட்டுத் தனக்குள் கம்பைல் ஆன மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். புதுப் போர்டில் இது வந்தால் சேவ் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். உங்கள் பெட்டியில் எழுதிக்கொண்டிருந்தபோதே கரன்ட் போயிருக்கலாம். கரன்ட்டைக் குறை சொல்வதற்கு முன், ஒவ்வொரு பூட்டிலும் சேவ்என்வ் கொடுக்கும் ஸ்கிரிப்ட்டை யாராவது உள்ளே வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் முதல் வேலையாக அதை எடுங்கள்.

அடுத்த பில்டில் என்விரான்மென்ட்டை இரண்டு பிரதியாக வைக்கும் வசதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதும்போது ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும். இப்போதைக்கு, நன்றாக ஓடும் பெட்டிகளில் மாறிகளைக் காட்டும் பிரின்ட்என்வ் கொடுத்து, வருவதை அப்படியே கோப்பில் பிடித்து வையுங்கள். பல போர்டுகளில், நெட்வொர்க்கில் போர்டை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் இதற்குள்தான் இருக்கிறது. பக்கத்துப் பெட்டியின் பட்டியலை அப்படியே இதில் ஏற்றினால், ஒரே நெட்வொர்க்கில் ஒரே முகவரியோடு இரண்டு பெட்டி நிற்கும்.

மெமரியில் உள்ளதைக் காட்டும் எம்டி கட்டளையில் 10 சொல் (வேர்டு) கேட்டால் 16 காட்டுகிறது. (அம்பாசமுத்திரம்)

முகவரி, அளவு எல்லாம் இங்கே ஹெக்ஸா கணக்கு, பதினாறை அடியாகக் கொண்டது. முன்னால் 0எக்ஸ் போடாவிட்டாலும் அப்படித்தான். 64 என்று அடித்தால் 100.

கஸ்டமர் உள்ளே நுழையாதபடி பிராம்ப்ட்டை மூட முடியுமா? (தென்காசி)

கவுன்ட்டவுன் நேரத்தை வைத்திருக்கும் பூட்-டிலே மாறியை -2 ஆக்கினால், எந்தக் கீயையும் பார்க்காமல் நேரே பூட் ஆகும். -1 போட்டுவிடாதீர்கள், அது நேர் எதிர், தானாக பூட் ஆகாமல் பிராம்ப்ட்டிலேயே நிற்கும். ஆனால் -2 போட்டால் நீங்களும் வெளியேதான். லினக்ஸ் பக்கமிருந்து இதே மாறிகளை மாற்ற எஃப்டபிள்யூ_செட்என்வ் என்ற கருவி இருக்கிறது. அதை முதலில் போர்டில் ஏற்றி, ஒரு மாறியை மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் பிராம்ப்ட்டை மூடுங்கள்.