கார் கேள்வி-பதில்: கறுப்பு சீட் பெல்ட்டை வீட்டிலேயே சிவப்பாக்கலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே கேமன் வாங்கியிருக்கிறேன். உள்ளே முழுக்கக் கறுப்பு. சிவப்பு சீட் பெல்ட் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று ஆசை. ஆன்லைனில் சிவப்பு நாடா மட்டும் மீட்டர் கணக்கில் விற்கிறார்கள், பழையதை உருவிவிட்டு இதைக் கோத்தால் போதும் என்று வீடியோக்களும் இருக்கின்றன. ஆயில், பிரேக் பேடு எல்லாம் நானே மாற்றிக்கொள்கிற ஆள். இதையும் வீட்டிலேயே செய்யலாமா சார்?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: கழற்றி மாட்டுவது உங்களால் முடியும். நாடாவை மாற்றித் தைப்பது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை, ஜி.பி. ரோட்டில் லெதர் சீட்டை அவ்வளவு அழகாகத் தைக்கிற கைக்காரரின் வேலையும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் ஆசையில் தப்பே கிடையாது.

உங்களுக்குச் சாதகமான விஷயத்தை முதலில் சொல்கிறேன். போர்ஷே கம்பெனியே கலர் சீட் பெல்ட்டை ஃபேக்டரி ஆப்ஷனாகக் கொடுக்கிறது, சிவப்பு, மஞ்சள் எல்லாம் அதில் உண்டு. மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. கார்களில் பார்க்கிற சிவப்பு பெல்ட்டும் இப்படிக் கம்பெனியிலிருந்து வருவதுதான். உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, அதே மாடலுக்கு, அதே வருடத்துக்கு, வலதுபக்க ஸ்டியரிங்குக்குச் சிவப்பு பெல்ட்டின் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். நாடாவை மட்டும் தரமாட்டார்கள். ரிட்ராக்டர் (நாடாவைச் சுருட்டி வைத்திருக்கும் பெட்டி), நாடா, பக்கிளில் செருகுகிற நாக்கு எல்லாம் சேர்ந்த முழு செட்டாகத்தான் வரும். விலையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சு வராது, அதற்குத் தயாராகப் போங்கள்.

ஏன் நாடாவை மட்டும் மாற்றக் கூடாது என்கிறேன் என்றால், அது சும்மா கலர் துணி இல்லை. பாலியஸ்டர் இழையில் இறுக்கி நெய்தது, அகலம் 47 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். சீட் பெல்ட்டுக்கான ஐ.நா. விதியான ஆர்16 கேட்பது என்னவென்றால், வெளிச்சத்தில் வாட்டி, சூடேற்றி, குளிரவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, உரசித் தேய்த்து என்று பலவிதமாக வதைத்த பிறகும் நாடா 14.7 கிலோ நியூட்டன் இழுவைக்கு அறாமல் நிற்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை டன் எடையை அதில் தொங்கவிடுகிற கணக்கு. பாரிமுனையில் பை தைக்க வாங்குகிற நாடாவும் பார்க்க இப்படித்தான் இருக்கும், கையால் எவ்வளவு இழுத்தாலும் அறாது, அதை வைத்து ஒன்றும் தெரியாது.

சரி, நாடா நல்லதாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் ரிட்ராக்டர். மோதுகிற கணத்தில் ப்ரீடென்ஷனர் என்கிற இழுப்புக் கருவிக்குள் இருக்கும் சின்ன வெடிமருந்து வெடித்து, கண் இமைப்பதற்குள் நாடாவைச் சில சென்டிமீட்டர் உள்ளே இழுத்து உங்களை சீட்டோடு சேர்க்கும். அப்புறம் நெஞ்சின் மேல் விழும் விசை ஓர் அளவைத் தாண்டும்போது, சுருளின் நடுவில் உள்ள இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். விலா எலும்பு நொறுங்காமல் தப்புவது இந்த விட்டுக்கொடுத்தலால்தான். சுருளில் எத்தனை சுற்று நிற்கிறது, நாடாவின் தடிமன் என்ன, இழுத்தால் எவ்வளவு நீளும் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, காரையே சுவரில் மோதவிட்டுப் பார்த்துச் சரிசெய்த ஏற்பாடு அது. அதில் நீங்கள் வேறொரு நாடாவைச் சுற்றினால் அந்தக் கணக்கு யாருடையதும் இல்லை.

வீடியோவில் காட்டுகிற வேலை பார்க்க எளிதுதான். நாடாவைக் கடைசிவரை வெளியே இழுத்தால் சுருளில் ஒரு பிளவு தெரியும், அதற்குள் நாடாவின் மடிப்பு, மடிப்புக்குள் ஒரு சின்ன பின். பின்னை உருவினால் நாடா கையோடு வந்துவிடும். ஆனால் அந்த நேரம் பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்குள் ஸ்பிரிங் முழு முறுக்கில் நிற்கிறது. சுருளைப் பிடித்திருக்கும் கை நழுவினால் விர்ரென்று சுழன்று முறுக்கு மொத்தமும் போய்விடும், மறுபடி எத்தனை சுற்று ஏற்றுவது என்பது குத்துமதிப்புதான். இன்னொரு வேடிக்கை: கழற்றிய ரிட்ராக்டரை மேஜையில் படுக்கவைத்தால் நாடா ஒரு இஞ்ச் கூட நகராது. உள்ளே ஒரு குண்டோ ஊசலோ இருக்கிறது, கார் சரிந்தாலும் சட்டென்று நின்றாலும் அது இடம் மாறிச் சுருளைப் பூட்டும், மேஜையில் படுத்திருப்பதும் அதற்குச் சரிவுதான். காரில் இருந்த அதே கோணத்தில் நிமிர்த்திப் பிடித்தால் தானாக விட்டுவிடும். இது தெரியாமல் கெட்டுப்போய்விட்டது என்று ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி, நல்ல ரிட்ராக்டரை நிஜமாகவே கெடுக்கிறவர்கள் உண்டு.

தையலுக்கு வருவோம். இப்போதே போய் உங்கள் பெல்ட் கீழே போல்ட்டில் மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள், பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதை நீக்கிப் பாருங்கள். நாடா ஒரு இரும்புத் தகட்டின் துளைக்குள் நுழைந்து மடிந்து தன் மேலேயே தைக்கப்பட்டிருக்கும். குறுக்கும் நெடுக்குமாக, ஒரு தையல்கூட இடைவெளி மாறாமல், தடித்த நூலில், கம்ப்யூட்டர் மெஷின் போட்ட தையல். மோதலில் இடுப்பைப் பிடிக்கிற விசை வந்து நிற்பது அந்த ஓரிரு இஞ்ச் நூலில்தான். வீட்டுத் தையல் மெஷினின் ஊசி அந்த இரட்டை மடிப்புக்கு முன்னால் உடைந்துபோகும். பை தைக்கிற பெரிய மெஷினில் ஊசி இறங்கும், தையல் பார்வைக்கு அதே மாதிரி விழவும் செய்யும், ஆனால் எந்த நூல், எத்தனை தையல், எவ்வளவு இறுக்கம் என்று யாரும் இழுத்துப் பார்த்துச் சான்று தரப்போவதில்லை. ஒரகடத்தில் வாகனப் பரிசோதனை மையம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், அங்கே பெல்ட்டை அறுபடும்வரை இழுத்துத்தான் சோதிப்பார்கள்.

பெல்ட்டிலேயே ஒரு வெள்ளை லேபிளும் தைத்திருப்பார்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ (E) எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் ‘ஏஆர்4எம்’ (Ar4m) போல ஒரு குறியும் இருக்கும். ஏ என்றால் மூன்று முனை பெல்ட், ஆர் என்றால் ரிட்ராக்டர் உள்ளது, எம் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் பூட்டிக்கொள்ளும், கூடவே பி இருந்தால் ப்ரீடென்ஷனரும் உண்டு. அந்தச் சான்று நாடா, தையல், ரிட்ராக்டர் மூன்றும் சேர்ந்த ஒரே பொருளுக்குக் கொடுத்தது. நாடாவை மாற்றினால் லேபிள் பழைய நாடாவோடு குப்பைக்குப் போய்விடும்.

சட்டம்? சிவப்பு பெல்ட்டுக்காக அண்ணா சாலையில் யாரும் உங்களை ஓரம் கட்டப்போவதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது, 182ஏ பிரிவில் அதற்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அதைவிட, விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் கையில் லேபிள் இல்லாத, யார் தைத்தது என்று தெரியாத பெல்ட்டைக் கொடுத்து நியாயம் கேட்கும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

இனி வீட்டில் செய்யக்கூடிய பகுதி. டீலரிடமிருந்து முழு செட் வந்துவிட்டால், அந்த வருட மாடலின் சர்வீஸ் மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே மாட்டலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு மேனுவல் சொல்லும் நேரம்வரை காத்திருங்கள், ஏர்பேக் சர்க்யூட்டில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் கனெக்டர்தான் ப்ரீடென்ஷனருக்குப் போவது. அதில் தப்பித்தவறிக்கூட மல்டிமீட்டரை வைத்து ஓம்ஸ் பார்க்காதீர்கள், மீட்டர் அனுப்பும் சின்ன கரண்டே அதை வெடிக்கவைக்கலாம். இரண்டு கதவு கார்களில் பின்பக்கப் பேனலைக் கழற்றுவதற்குள் பாதி நாள் போய்விடும், அங்கே அவசரப்பட்டால் உடைவது கிளிப்புகள்தான். பெல்ட் போல்ட் நிறைய கார்களில் 7/16 இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை என்கிற அளவில் வரும், கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று புதுப்பேட்டையில் கிடைத்த வேறு போல்ட்டை ஏற்றினால் மரை போய்விடும். மேனுவல் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். நாடா எங்கேயும் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக ஓடுகிறதா, வெடுக்கென்று இழுத்தால் பூட்டுகிறதா, இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். விளக்கு அணையவில்லை என்றால் அன்றைக்கு வேறு காரில் போங்கள்.

அப்படியே இன்னொன்று: பழைய இரும்புக் கடையில் சிவப்பு பெல்ட் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அது விபத்தில் அடிபட்ட காரிலிருந்து வந்ததா என்று உங்களுக்குச் சொல்ல அங்கே ஆள் கிடையாது.

கேள்வி: புது பெல்ட் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. என்னுடையது சாதாரண போலோ. பழைய பெல்ட்டுக்குச் சாயம் ஏற்றினால் என்ன?
– வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டாம். பாலியஸ்டருக்குச் சாயம் சுலபத்தில் ஏறாது, அழுத்தம் கொடுத்து 130 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால்தான் உள்ளே பிடிக்கும். அடுப்பில் பாத்திரம் வைத்துக் காய்ச்சுகிற வீட்டுச் சாயம் மேலாகத்தான் ஒட்டும், நம்ம ஊர் வியர்வையில் முதல் வாரமே உங்கள் வெள்ளைச் சட்டையில் குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை விழும். சட்டை போனால் போகிறது, கறுப்பைச் சிவப்பாக்க வேண்டும் என்றால் முதலில் கறுப்பை வெளுக்கவேண்டுமே, அந்த ப்ளீச் இழையைப் பலவீனமாக்கலாம். நிறைய கார்களின் ஓனர்ஸ் மேனுவலிலேயே பெல்ட்டை வெளுக்காதே, சாயமேற்றாதே என்று அச்சடித்திருக்கிறார்கள். சிவப்புதான் வேண்டும் என்றால் ஸ்டியரிங் கவரிலும் மேட்டிலும் காட்டுங்கள். சீட் கவரில் காட்டப்போகிறீர்கள் என்றால் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அந்த இடத்தை மூடாத கவராகப் போடச் சொல்லுங்கள். தோளில் மாட்டுகிற தடிமனான பஞ்சு உறை எனக்குப் பிடிக்காத பொருள், பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் இடைவெளியை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு அவ்வப்போது போகிறேன். சிவப்பு ரேஸிங் பெல்ட் மாட்டிவிட்டால் ரோட்டுக்கும் அதுவே போதும்தானே?
– வாசகர், போரூர்

பதில்: போதாது, சில சமயம் ஆபத்தும் கூட. ரேஸ் காரில் அந்த பெல்ட்டோடு கூரை நசுங்காமல் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜ், ஒரே வார்ப்பான பக்கெட் சீட், ஹெல்மெட், கழுத்தைப் பிடிக்கும் ஹான்ஸ் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. ரோட்டுக் காரில் நான்கு முனை பெல்ட்டை மட்டும் மாட்டினால், தோள் பட்டையை இறுக்க இறுக்க இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும், மோதும்போது உடம்பு அதற்கு அடியில் வழுக்கிப் போகும். கால்களுக்கு நடுவில் வருகிற பட்டை அதைத் தடுக்கத்தான். கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால் சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் இருக்கும், ரேஸிங் பெல்ட்டில் நிமிர்ந்தபடியே கட்டுண்டு கிடப்பீர்கள். கம்பெனி பெல்ட்டைக் கழற்றாமல் வைத்திருங்கள், ரோட்டில் அதுதான். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று பெற்ற பெல்ட்டுக்கும் காலாவதி உண்டு, ஐந்து வருடக் கணக்கு, லேபிளில் வருடம் போட்டிருக்கும். யாரோ ரேஸில் பயன்படுத்திவிட்டு மலிவாகத் தருவது பெரும்பாலும் அந்தத் தேதி தாண்டியதாகத்தான் இருக்கும்.

கேள்வி: பெல்ட் நிறம் எல்லாம் இருக்கட்டும் சார், என் காரில் பெல்ட் உள்ளேயே போகமாட்டேன் என்கிறது. கதவில் மாட்டி மாட்டி நசுங்குகிறது.
– வாசகி, திருவான்மியூர்

பதில்: பத்தில் எட்டு தடவை அழுக்குதான் காரணம். தோளுக்கு மேலே நாடா நுழைந்து வரும் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள்; வியர்வை, தலை எண்ணெய், பவுடர் எல்லாம் சேர்ந்து மெழுகு மாதிரி படிந்திருக்கும். ஈரத்துணியால் அதைத் துடைத்தெடுங்கள். நாடாவை முழுக்க வெளியே இழுத்து, மேலே ஒரு துணி கிளிப் போட்டு நிறுத்தி, மைல்டான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். கதவில் நசுங்கிய இடத்தில் ஓரம் பிசிறியிருந்தாலோ இழை வெட்டுப்பட்டிருந்தாலோ துடைப்பதில் பயன் இல்லை, பெல்ட்டையே மாற்றுங்கள். சுத்தம் செய்த பிறகும் உள்ளே போகவில்லை என்றால் சர்வீஸில் காட்டுங்கள், ரிட்ராக்டருக்குள் ஆயிலோ ஸ்ப்ரேயோ அடிக்காதீர்கள். ரெண்டு நாள் சரியாக ஓடும், அப்புறம் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும்.