அண்ணனுக்கு 401-கே கடன், கூடவே ஒரு வீடு: எச்-1பி குடும்பம் செய்யக் கூடாத கணக்கு

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். எனக்கு வயது 38, எச்-1பி வேலை விசா. கிரீன் கார்டுக்காக (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) நிறுவனம் போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. இபி-2 என்ற கிரீன் கார்டு பிரிவில் பிரையாரிட்டி தேதி, அதாவது வரிசையில் இடம் பிடித்த தேதி, 2019. என் சம்பளம் வருடம் 1,35,000 டாலர். மனைவி என்னைச் சார்ந்த எச்-4 விசாவில், இஏடி என்ற வேலை அனுமதி அட்டையோடு வேலை பார்க்கிறார், 62,000 டாலர். மூத்த மகன் சென்னையில் பிறந்தவன், 9 வயது. மகள் இங்கே பிறந்தவள், 3 வயது. பிடித்தமெல்லாம் போக மாதம் 11,600 டாலர் கைக்கு வருகிறது. செலவு போக 2,500 மிஞ்சுகிறது. வங்கியில் 52,000, நிறுவனம் வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பான என் 401-கே கணக்கில் 1,18,000 டாலர் இருக்கிறது. என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவருக்காக 401-கேயிலிருந்து முன்பு 20,000 டாலர் கடன் எடுத்துக் கொடுத்து, அதை அடைத்துவிட்டேன். இரண்டு வருடம் முன்பு மறுபடி அவருக்காக 36,000 எடுத்தேன். அதில் 23,500 பாக்கி. இப்போது குடோனுக்கு 18 லட்சம் ரூபாய் கேட்கிறார். நாங்களோ 5,20,000 டாலருக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். அண்ணனுக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. வந்து பத்து வருடமாகியும் வாடகை வீடுதான். நண்பர் ஒருவர் ஐயுஎல் என்ற, பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீட்டு பாலிசியில் மாதம் 800 டாலர் போடச் சொல்கிறார். அமெரிக்கக் கனவு என்பது இனி நமக்கெல்லாம் எட்டாதா?

பதில்: கனவுக்குப் பிறகு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வீட்டு விலையோ விசாவோ அல்ல. ஊரிலிருந்து போன் வந்தால் 401-கே கணக்கைத் திறக்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான். இரண்டு முறையில் 56,000 டாலர், ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய் இந்த வழியில் போயிருக்கிறது. மூன்றாவது முறைக்கும் தயாராக இருக்கிறீர்கள்.

"வட்டி நம் கணக்குக்கே திரும்பி வருகிறது, நஷ்டம் என்ன?" என்று பலரும் சொல்வார்கள். வேலை நிச்சயமாக இருக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கு அது பாதி உண்மை. எச்-1பி-யில் இருப்பவருக்கு அது ஆபத்தான பேச்சு. காரணம், இந்தக் கடன் உங்கள் வேலையோடு கட்டப்பட்டது. லே ஆஃப் ஆகி வேலை போனால் பல நிறுவனத் திட்டங்களில் மீதிக் கடன் முழுவதையும் கேட்பார்கள். சிலவற்றில் மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தொடரலாம். உங்கள் திட்டத்தில் எது என்பது எஸ்பிடி என்ற விளக்க ஆவணத்தில் 'லோன்' பகுதியில் இருக்கும், இந்த வாரமே படித்துவிடுங்கள். கட்ட முடியாவிட்டால் அந்தத் தொகை நீங்கள் எடுத்துச் செலவழித்த பணமாகக் கருதப்படும். 59½ வயதுக்குக் கீழே இருப்பதால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. வேலை போனதால் ஏற்பட்ட பாக்கி என்றால், அந்த ஆண்டுக்கான வரித் தாக்கல் கெடு வரை, எக்ஸ்டென்ஷன் எடுத்தால் மறு ஆண்டு அக்டோபர் வரை, சொந்தப் பணத்தை ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் போட்டு இதைத் தவிர்க்கலாம். ஆனால் வேலை இல்லாதவரிடம் அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

புதிதாக எவ்வளவு எடுக்க முடியும் என்பதையும் பாருங்கள். உச்சவரம்பு 50,000 டாலர். அதிலிருந்து கடந்த 12 மாதத்தில் இருந்த அதிகபட்ச பாக்கியைக் கழிப்பார்கள். ஒரு வருடம் முன்பு உங்கள் பாக்கி 30,000 அளவில் இருந்திருக்கும். ஆக 20,000 டாலர்தான் கிடைக்கும், அண்ணன் கேட்கும் தொகைக்குச் சரியாகப் போய்விடும். எடுத்தால் மொத்த பாக்கி 43,500. வேலை போய்க் கட்ட முடியாமல் போனால், 22 சதவீத வரி, 10 சதவீத அபராதம் சேர்த்து ஏறத்தாழ 13,900 டாலர். இது எப்போது வரும்? வேறு வேலை தேட 60 நாள் மட்டுமே கையில் இருக்கும் நேரத்தில். ஐ-94 என்ற தங்கும் அனுமதி அதற்குள் முடிந்தால் அந்த 60 நாளும் இல்லை.

முன்பெல்லாம் "முடியாவிட்டால் ஊருக்குப் போய்விட்டு வேறு கம்பெனி மூலம் திரும்பி வரலாம்" என்ற தைரியம் இருந்தது. 2025 செப்டம்பர் அறிவிப்புக்குப் பிறகு, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம். அதைக் கட்டி அழைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் குறைவாகவே இருக்கும். அதனால் அந்த 60 நாளில் அமெரிக்காவிலேயே இருந்து வேலை தேடும் பலம்தான் உங்களுக்கு இப்போது பெரிய சொத்து. அந்தப் பலம் என்பது கையிருப்புப் பணம்.

இன்னொரு கசிவும் இருக்கிறது. கடன் தவணை மாதம் 740 டாலர் போவதால் 401-கே பங்களிப்பை 3 சதவீதமாகக் குறைத்திருப்பீர்கள் என்று உங்கள் எண்கள் சொல்கின்றன. உங்கள் கம்பெனி பரவலாக இருக்கும் முறைப்படி 6 சதவீதம் வரை நீங்கள் போடுவதில் பாதியைத் தன் பங்காகச் சேர்ப்பதாக இருந்தால், வருடம் 2,025 டாலர் இலவசப் பணத்தை விடுகிறீர்கள். நாளைக்கே 6 சதவீதமாக்குங்கள். கைக்கு வருவது மாதம் 260 டாலர் அளவில்தான் குறையும்.

இனி அண்ணன். அவர் செய்த உதவியைத் திருப்பிச் செய்ய நினைப்பது உங்கள் நல்ல குணம், அதை விடச் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கொடுப்பதைத்தான் விடச் சொல்கிறேன். சம்பளத்திலிருந்து மாதம் 400 டாலர் அவருக்கு என்று ஒதுக்கி அனுப்புங்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 36,000 ரூபாய். இந்தியாவில் அண்ணன், தம்பி உறவில் வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. வங்கி வழியாக அனுப்பும் வரை, 2026 முதல் ரொக்கமாக அனுப்புவதற்கு வந்திருக்கும் 1 சதவீத வரியும் உங்களைத் தொடாது. குடோன் வியாபார முதலீடு. நன்றாக ஓடும் கடை என்றால் ஜிஎஸ்டி கணக்கைக் காட்டி ஊர் வங்கியிலேயே தொழில் கடன் கேட்கலாம். வங்கி கொடுக்க மறுத்தால், அந்தக் குடோனில் உங்கள் ஓய்வுக்காலப் பணத்தைப் போடாமலிருக்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம். அந்த வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள்.

அண்ணனிடம் சொல்லும்போது "இப்போதைக்கு முடியாது" என்று சொல்ல வேண்டாம்; ஆறு மாதத்தில் மறுபடி கேட்பார். "அந்தக் கணக்கில் கடன் எடுத்தால் வேலை போகும்போது விசாவோடு பணமும் போகும், இனி அதிலிருந்து எடுக்க மாட்டேன், மாதாமாதம் இவ்வளவு வரும்" என்று தொகையோடு சொல்லுங்கள். உங்களைப் படிக்க வைத்தவருக்கு இது புரியும். பழைய 36,000-ஐ அன்பளிப்பாக ஒரே ஆண்டில் கொடுத்திருந்தால், விலக்கு வரம்பைத் தாண்டியதற்காகப் அமெரிக்க அன்பளிப்பு வரிக்கான படிவம் 709 தேவைப்பட்டிருக்கும். பெரும்பாலும் வரி இராது, தாக்கல் மட்டும்தான். உங்கள் வரிக் கணக்காளரிடம் (சிபிஏ) கேளுங்கள்.

வீட்டுக் கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 5,20,000 டாலர் வீட்டுக்கு 10 சதவீதம் முன்பணம் கட்டினால் கடன் 4,68,000. 30 வருடம், 6.5 சதவீதம் என்றால் தவணை 2,960. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அதற்கு ஈடாகச் சொத்து வரி 2 சதவீத அளவில் போகும், மாதம் 870. புதுக் குடியிருப்புகளில் குடிநீர், கழிவுநீர் வசதிக்கான மட் வரி சேர்ந்து இன்னும் கூடும். ஆலங்கட்டி மழைப் பகுதி என்பதால் காப்பீட்டுக்கு 320 வையுங்கள். கடன் கொடுப்பவருக்கான பிஎம்ஐ காப்பீடு 180, குடியிருப்புச் சங்கத்துக்கு (எச்ஓஏ) 60, பராமரிப்பு 430. கூட்டினால் 4,820.

புதிதாகக் கட்டிய வீடு வாங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் வருடம் வரி வெறும் மனைக்கு மட்டும் போடப்பட்டிருக்கும். எஸ்க்ரோவில், அதாவது வரிக்காகத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் கணக்கில், அந்தச் சின்னத் தொகையைப் பிடித்துவிட்டு, இரண்டாம் வருடம் வீட்டோடு மதிப்பிட்டதும் பற்றாக்குறையையும் சேர்த்து மாதத் தவணையை நூற்றுக்கணக்கில் ஏற்றுவார்கள். விற்பனையாளர் காட்டும் தவணையை நம்பாமல், மாவட்ட வரி மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் அதே தெருவில் முடிந்த வீட்டின் வரியைப் பாருங்கள்.

இந்த 4,820-ஐ இரண்டு சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் சம்பளம் ஒன்றில் நிற்குமா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 30 முதல் தாக்கல் செய்யும் இஏடி புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குத் தானியங்கி நீட்டிப்பு இல்லை. புது அட்டை வரத் தாமதமானால், பழையது முடிந்த அன்றே உங்கள் மனைவி வேலையை நிறுத்த வேண்டியதுதான். உங்கள் சம்பளம் மட்டும் என்றால், 401-கே கடன் அடைந்த பிறகு கைக்கு 8,400 வரும். கடன் இருந்தால் 7,700. டேகேர் இல்லாமல் மளிகை, கார், மின்சாரம், பெற்றோருக்கு அனுப்புவது எல்லாம் 3,550 என்று வைத்தால், வீட்டோடு சேர்த்து 8,370. கடன் இல்லாத நிலையிலேயே ஒன்றும் மிஞ்சவில்லை. கடன் இருந்தால் மாதம் 670 டாலர் துண்டு விழும். இந்த வீட்டை விடுங்கள்.

4,00,000 டாலர் வீடு என்றால் இதே கணக்கில் வீட்டுச் செலவு 3,730-ல் நிற்கும். ஒரே சம்பளத்திலும் மாதம் 1,100 மிஞ்சும். கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் பழைய வீடாக இருக்கும். இருக்கட்டும்.

அதற்குப் போகும் வழி இது. வாடகையும் அவசியச் செலவும் சேர்த்து மாதம் 5,950. ஆறு மாதத்துக்கு 36,000-ஐ 52,000-லிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வைத்துவிடுங்கள். அது முன்பணத்துக்கு அல்ல. மீதி 16,000-ஓடு மாதம் 2,240 சேர்த்தால் நான்காவது மாதத்தில் 401-கே கடனை ஒரே முறையில் அடைத்துவிடலாம். பல திட்டங்களில் பகுதி பகுதியாக முன்கூட்டிக் கட்ட விடமாட்டார்கள், முழுத்தொகை மட்டும் ஏற்பார்கள். அதனால் சேரும் வரை பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். கடன் போனதும் 740 விடுபடும், அண்ணனுக்கு 400 போகும், மாதம் 2,580 நிற்கும். முன்பணம் 40,000, வீட்டை வாங்கி முடிக்கும்போது ஆகும் க்ளோசிங் செலவு 10,000. இருபது மாதம். ஆக மொத்தம் இரண்டு வருடம். அரசு உத்தரவாதம் உள்ள எஃப்எச்ஏ கடனில் குறைந்த முன்பணத்தில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு 2025 மே மாதமே மூடிவிட்டது. அந்த உத்தரவாதம் இல்லாத கன்வென்ஷனல் கடன் எச்-1பி-க்கும் உண்டு.

வாங்கிய இரண்டு மூன்று வருடத்தில் விற்க நேர்ந்தால் நஷ்டம் வரவே வாய்ப்பு அதிகம். முதல் வருடத் தவணையில் அசலுக்குப் போவது 4,000 டாலர்தான். விற்கும் செலவு 6 சதவீதம் என்றால் 24,000. ஊர் திரும்பி, அமெரிக்க வரிச் சட்டப்படி நான்-ரெசிடென்ட் ஆன பிறகு விற்றால் ஃபிர்ப்டா என்ற வரிப் பிடித்தம் வேறு: இந்த விலைக்கு, வாங்குபவர் குடியிருக்கப் போகிறார் என்றால் விற்பனை விலையில் 10 சதவீதம், இல்லையென்றால் 15. கணக்கு தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும். கிளம்புவது உறுதியானால் கிளம்புவதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.

ஐயுஎல் வேண்டாம். "வரியில்லாத ஓய்வூதியம், சந்தை விழுந்தாலும் நஷ்டமில்லை" என்று கோவிலிலும் பிறந்தநாள் விழாவிலும் நம்மவர்களே நம்மவர்களுக்கு விற்கும் பொருள் அது. முதல் சில வருடப் பிரீமியத்தில் கணிசமான பகுதி கமிஷனுக்கும் கட்டணத்துக்கும் போகும், லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு, பத்து வருடத்துக்குள் சரண்டர் செய்தால் பெரிய வெட்டு. எப்போது கிளம்ப நேரும் என்று தெரியாதவருக்கு இதைவிடப் பொருந்தாத பொருள் இல்லை. குடும்பப் பாதுகாப்புக்கு 10 லட்சம் டாலருக்கு 20 வருட டெர்ம் பாலிசி போதும்; உடல்நலம் சரியாக இருந்தால் அந்த 800-ல் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இந்திய மியூச்சுவல் ஃபண்டும் வேண்டாம். அமெரிக்க வரிச் சட்டத்தில் பிஎஃப்ஐசி என்ற வெளிநாட்டு முதலீட்டு வகையில் விழும், அதற்கான படிவம் 8621-க்குச் சிபிஏ கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும்.

கனவு பற்றிய கேள்விக்கு: அமெரிக்கர்களுக்கே அது சுருங்கியிருக்கிறது. ஹார்வர்ட் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவின் ஆய்வில், 1940-ல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். அந்த அளவுகோலில் நீங்கள் வெகுதூரம் வந்துவிட்டீர்கள். சம்பாத்தியம் உங்களுக்கு எட்டிவிட்டது, எட்டாதது நிரந்தரம். அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், 2025 டிசம்பரில் இந்தியாவுக்கு இபி-2 வரிசை 2013-ல்தான் நின்றது, உங்கள் தேதி 2019. வீடு வாங்குவதால் அந்த வரிசை ஒரு நாள்கூட நகராது. குடியிருக்க வாங்குங்கள், "இனி இங்கேதான்" என்ற மனஆறுதலுக்காக வாங்காதீர்கள்.

வீட்டைவிட நான் முதலில் யோசிப்பது உங்கள் மகனைப் பற்றி. இன்னும் 12 வருடத்தில் அவனுக்கு 21. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 முடிந்து, எஃப்-1 மாணவனாக மாற வேண்டும், இல்லை கிளம்ப வேண்டும். அவன் படிப்பு அமெரிக்காவிலா, கனடாவிலா, கோயம்புத்தூரிலா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவனுக்கான பணத்தை ஒரு நாட்டுக்கு மட்டும் பொருந்தும் கணக்கில் பூட்டாமல், உங்கள் பெயரில் சாதாரண புரோக்கரேஜ் கணக்கில் குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்டில் வையுங்கள். மகளுக்கு 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு சரிவரும், வீடு வாங்கிய பிறகு ஆரம்பிக்கலாம்.

மனைவியின் இஏடி அட்டையில் முடிவுத் தேதியைப் பாருங்கள். 180 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். 180-வது நாளிலேயே போட்டுவிடுங்கள்.